உறுதிக்கு ஒரு கணக்கு, பெர்மிட்டுக்கு வேறு கணக்கு

கேள்வி:

ஐயா, எனக்கு 39 வயது. குளத்துப்புழையில் ரப்பர் வெட்டுக்குப் போகிறேன். என் வீட்டுக்காரர் குடும்பம், இலங்கைத் தோட்டத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்பிய சாஸ்திரி ஒப்பந்தத்தில் எழுபதுகளில் இங்கே வந்து குடியேறியது. என் அப்பாவுக்கு அங்கேயே பிரஜாவுரிமை கிடைத்ததால் அவர் வரவில்லை. 77 கலவரத்தில் தோட்டத்தை விட்டு ஓடி, கிளிநொச்சிப் பக்கம் காடு வெட்டிக் குடியிருந்தார். 1984-இல் அவர் பெயருக்கு 2 ஏக்கர் அரசு நிலத்துக்குப் பெர்மிட் கொடுத்தார்கள். அம்மா சாவகச்சேரிக்காரர். அவருக்குச் சீதனமாக வந்த 4 பரப்பு (யாழ்ப்பாணத்து நில அளவு) காணிக்கு உறுதி (சொத்துப் பத்திரம்) உண்டு. 1990-இல் எல்லாவற்றையும் விட்டு மன்னாரிலிருந்து வள்ளத்தில் வந்தோம். அப்போது எனக்கு 4 வயது. அப்பா 2012-இல் தவறிவிட்டார். அம்மா செங்கோட்டையில் தம்பியோடு இருக்கிறார். முகாமுக்கு வெளியே இருக்கும் அகதியாகப் பதிவு, இன்னும் இலங்கைப் பிரஜைதான்.

போன மாதம் ஒன்றுவிட்ட மச்சான் கிளிநொச்சியிலிருந்து பேசினார். இரண்டு காணியிலும் வேறு ஆட்கள் இருக்கிறார்களாம். ஒரு தரகர் 3 லட்சம் தருகிறாராம், அற்றோர்ணித் தத்துவத்தில் (பவர் ஆஃப் அட்டர்னி) அம்மா கையெழுத்துப் போட்டால் போதுமாம். 'இப்ப போடாட்டி கவர்மென்ட் எடுத்துடும்' என்கிறார். போடலாமா? 35 வருஷம் கழித்துக் கேட்டால் தருவார்களா? சண்டை நடந்த மற்ற நாடுகளில் எல்லாம் நிலத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள் என்று என் மகன் போனில் படித்துச் சொல்கிறான், உண்மையா? பெர்மிட், உறுதி, தரகர் அனுப்பிய தாள் மூன்றையும் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன்.

பதில்:

சகோதரி, கையெழுத்துப் போட வேண்டாம். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

தரகர் அனுப்பிய தாளை இரண்டு தடவை படித்தேன். விற்க, ஈடு வைக்க, நன்கொடை கொடுக்க, வழக்கு இருந்தால் சமாதானம் பண்ண, பணத்தை வாங்கி ரசீது கொடுக்க என்று எல்லா அதிகாரமும் அதில் ஒரே ஆளுக்குப் போகிறது. எந்தக் காணி என்ற இடத்தில் 'எனக்குச் சொந்தமான சகல ஆதனங்களும்' என்று இருக்கிறது. காலக்கெடு கிடையாது. 3 லட்சம் என்பது இலங்கைப் பணம். நம் பணத்துக்கு மாற்றினால் ஒரு லட்சம்கூடத் தேறாது. இன்னொன்றையும் யோசியுங்கள். பெர்மிட் காணியைப் பிரதேச செயலாளரின் (நம்மூர் தாசில்தார் மாதிரி) அனுமதி இல்லாமல் யாரும் விற்க முடியாது. அப்படியிருக்க இவர் எதை வாங்கப் பணம் நீட்டுகிறார்? சாவகச்சேரி 4 பரப்பைத்தான். கிளிநொச்சிப் பேச்சை முன்னால் நிறுத்திவிட்டுப் பின்னால் இதற்குக் கை நீட்டுகிறார் என்றுதான் எனக்குப் படுகிறது. மச்சானைக் குறை சொல்லவில்லை. அவருக்கும் இது தெரியாமல் இருக்கலாம்.

'கவர்மென்ட் எடுத்துடும்' என்பது எங்கிருந்து வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். 2025 மார்ச் 28-ஆம் தேதியிட்டு ஒரு வர்த்தமானி (அரசிதழ்) அறிவித்தல் வந்தது. யாழ்ப்பாணம், முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார் மாவட்டங்களில் சுமார் 5,900 ஏக்கருக்கு உரிமை கோருபவர்கள் மூன்று மாதத்துக்குள் வர வேண்டும், இல்லாவிட்டால் அரச காணி என்று தீர்மானிக்கப்படும் என்றது. கடல் தாண்டி இருப்பவன் வர்த்தமானியை எங்கே பார்ப்பான்? பெரிய எதிர்ப்புக் கிளம்பி, வழக்குப் போய், ஜூன் மாதம் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. (அங்கே உயர் நீதிமன்றம் என்றால் நம்மூர் சுப்ரீம் கோர்ட். நம் ஹைகோர்ட்டை அவர்கள் மேல் நீதிமன்றம் என்பார்கள். அங்கிருந்து வரும் கடிதத்தைப் படிக்கும்போது இது குழப்பும்.) பயம் நியாயமானது. அதை வைத்து அவசரமாகக் கையெழுத்து வாங்குவதுதான் தப்பு.

சரி, காணிக்கு வருவோம். உங்களிடம் இருப்பவை இரண்டும் ஒரே மாதிரிக் காகிதமாகத் தெரியும். ஆனால் இரண்டுக்கும் சட்டம் வேறு, அலுவலகம் வேறு, ஓடும் கடிகாரமும் வேறு.

இலங்கை நிலத்தில் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் அரசுடையது. 1935-ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டப்படி அதிலிருந்து துண்டு துண்டாகப் பெர்மிட் கொடுப்பார்கள். உழைத்துச் சாப்பிடலாம், வீடு கட்டலாம், ஆனால் நிலம் அரசுடையது. பிறகு அளிப்புப் பத்திரம் கிடைத்தால் உரிமை கொஞ்சம் கெட்டியாகும். உங்கள் அப்பா பெர்மிட்டோடு நின்றுவிட்டார். இந்தச் சட்டத்தில் பெர்மிட்காரர் இறந்தால் மனைவி சாகும்வரை அனுபவிக்கலாம். பிறகு யாருக்கு என்பதைப் பெர்மிட்காரர் எழுதிப் பதிந்திருக்க வேண்டும். எழுதாவிட்டால் சட்டத்தில் உள்ள வரிசைப்படி போகும். அந்த வரிசையில் ஆண் வாரிசுக்கு இருந்த முன்னுரிமையை 2022-இல்தான் திருத்தினார்கள். வாரிசு ஆறு மாதத்துக்குள் காணியில் போய் இறங்க வேண்டும் என்றும் ஒரு விதி இருக்கிறது. அப்பா 2012-இல் செங்கோட்டையில் இறக்கிறார், அம்மா கிளிநொச்சியில் ஆறு மாதத்துக்குள் இறங்க வேண்டும்! போரையும் வள்ளத்தையும் நினைத்து எழுதிய சட்டம் இல்லை அது.

அதனால் பெர்மிட்டை வைத்து வழக்குக்கு ஓடாதீர்கள். அது பிரதேச செயலகத்து விவகாரம். அங்கே காணிப் பேரேடு என்று ஒன்று உண்டு. அப்பா பெயர் இன்னும் அதில் இருக்கிறதா, ரத்து செய்தார்களா, செய்திருந்தால் யாருக்கு நோட்டீஸ் போனது, இப்போது இருப்பவருக்குப் புதுப் பெர்மிட் உண்டா என்று அம்மா பெயரிலேயே எழுதிக் கேளுங்கள். இலங்கையின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016-இல் வந்தது. குடிமக்கள் கேட்கலாம், 14 வேலை நாளில் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். அம்மா இன்னும் அந்த நாட்டுக் குடிமகள் என்று நீங்கள் ஒரு வரியில் எழுதிவிட்டுப் போயிருக்கிறீர்கள். இந்தக் கடிதத்திலேயே பெரிய சொத்து அந்த வரிதான். நீங்களும் தம்பியும் அல்லாமல் அம்மா முன்னே நிற்க வேண்டும், அதுவும் இப்போதே.

போருக்குப் பிறகு வடக்கு, கிழக்கின் காணிச் சிக்கலுக்கென்றே 2013 தொடக்கத்தில் ஒரு சுற்றறிக்கை வந்தது. அதற்கு முன் 2011-இல் போட்ட சுற்றறிக்கை வழக்குக்குப் போய் வாபஸ் ஆனது. காணி விசாரணையில் அம்மாவின் கோரிக்கை பதிவில் இருக்க வேண்டும் என்பதுதான் நம் முதல் இலக்கு. அந்த 2 ஏக்கரே திரும்ப வரும் என்று உங்களுக்கு நான் ஆசை காட்ட மாட்டேன். மாற்றுக் காணி என்று பேச்சு வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

சீதனக் காணியின் கதை வேறு. அது தனியார் நிலம். நொத்தாரிசு (நோட்டரி) முன் முடித்த உறுதி மூன்று படியாக இருக்கும். ஒன்று உங்கள் அம்மா கைக்கு வந்தது, ஒன்று நொத்தாரிசின் கோவையில் இருப்பது, மற்றது காணிப் பதிவகத்துக்குப் போவது. கையில் நகல்தான் இருக்கிறது என்று கலங்க வேண்டாம். உறுதி இலக்கமும் தேதியும் நொத்தாரிசு பெயரும் உங்கள் போட்டோவில் தெளிவாகவே விழுந்திருக்கின்றன. அவற்றைக் கொடுத்துப் பதிவகத்தில் தேடச் சொல்லலாம். தேடும்போது வில்லங்கமும் பார்த்துவிட வேண்டும். 1990-க்குப் பிறகு அம்மா பெயரில் யாராவது 'விற்று' இருக்கிறார்களா என்பது அதில் தெரிந்துவிடும்.

இதில் பயப்பட வேண்டியது ஆட்சியுரிமை. நம்மூரில் பன்னிரண்டு வருஷம் என்போமே, அங்கே பத்து. 1871-ஆம் ஆண்டுச் சட்டம். வேறொருவர் சொந்தக்காரரை ஏற்காமல், இடைவிடாமல் பத்து வருஷம் தனதென்று ஆண்டால் காணி அவருக்காகிவிடும். போரால் ஓடியவர்களுக்காக 2016-இல் ஒரு சிறப்புச் சட்டம் போட்டார்கள். 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அந்தப் பத்து வருஷக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றது. நல்ல சட்டம்தான். ஆனால் இரண்டு வருஷத்துக்குள் வழக்குப் போட்டவர்களுக்குத்தான் அந்தச் சலுகை. 2018-இல் அந்தக் கதவு மூடிவிட்டது. இங்கே முகாம்களில் எத்தனை பேர் காதில் அது விழுந்தது? என் மேசைக்கு வந்தவர்களில் ஒருவர்கூட அந்த இரண்டு வருஷத்துக்குள் வரவில்லை. இதில் எனக்கு இன்னும் கோபம் உண்டு.

ஆனால் பழைய சட்டத்திலேயே 13-ஆம் பிரிவு ஒன்று இருக்கிறது. உரிமையாளர் குழந்தையாகவோ சித்தம் கலங்கியவராகவோ 'கடல் கடந்து' இருப்பவராகவோ இருந்தால் அந்தப் பத்து வருஷம் அவருக்கு எதிராக ஓடாது. வெள்ளைக்காரன் காலத்தில் யாரை நினைத்து எழுதினார்களோ, பாக் நீரிணையை வள்ளத்தில் தாண்டியவருக்கும் அது பொருந்தும் என்று வாதாடலாம். அதற்கும் மேலே ஒரு முளை அடித்திருக்கிறார்கள். முப்பது வருஷம் தொடர்ந்து ஆண்டுவிட்டால் எந்தச் சாக்கும் செல்லாது. ஆகவே மச்சானிடம் முதலில் கேட்க வேண்டியது, சாவகச்சேரிக் காணியில் இருப்பவர் எந்த வருஷம் வந்தார் என்பதுதான். 2000-இல் சண்டையில் அந்த ஊரே நொறுங்கியது. 2002-இல் போர்நிறுத்தம் வந்த பிறகு ஆட்கள் திரும்பினார்கள். அவர் அப்போது வந்தவர் என்றால் முப்பது வருஷம் 2032-இல் முடியும். 1991-இலேயே வந்து அன்றிலிருந்து அங்கேயே இருந்ததாக அவர் நிரூபித்தால் கதை வேறு.

அடுத்து, அவரை யார் குடியிருத்தினார்கள்? உங்கள் தாய்மாமாவோ பெரியம்மாவோ 'நீங்க இருந்து வளவைப் பாத்துக்கொள்ளுங்கோ' என்று விட்டிருந்தால் அது அனுமதியோடு இருப்பது. அனுமதியோடு இருப்பவர் எத்தனை வருஷம் இருந்தாலும் அதை மட்டும் வைத்து உரிமை கேட்க முடியாது. அப்படி ஒரு கடிதம், பழைய நீல ஏரோகிராம் ஏதாவது அம்மாவின் பெட்டியில் இருக்கிறதா என்று துழாவிப் பாருங்கள். பல குடும்பங்களில் வழக்கைத் தீர்த்தது அந்த நீலத் தாள்தான்.

இதையெல்லாம் யாழ்ப்பாணத்தில் நிலவழக்குப் பார்க்கும் ஒரு சட்டத்தரணியிடம் காட்டி உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். எனக்கு அங்கே வாதாட உரிமை கிடையாது. நான் செங்கோட்டை, புனலூர் கோர்ட்டுகளில் காலம் தள்ளுகிறவன். இங்கே சண்டை எதுவும் நடக்கவில்லை. 1956 நவம்பர் 1-ஆம் தேதி செங்கோட்டை திருவிதாங்கூர் பக்கத்திலிருந்து நம் பக்கம் வந்தது, அவ்வளவுதான். இன்றைக்கும் கொல்லம் ஆண்டு போட்ட மலையாளப் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஆள் வருகிறது. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் கரம் கட்டிய ரசீது, போக்குவரவு, தண்டப்பேர். இந்தப் பக்கம் பட்டா, சிட்டா, அடங்கல். ஒரு கோடு மாறியதற்கே காகிதம் எழுபது வருஷமாகத் தடுமாறுகிறது என்றால், முப்பது வருஷப் போர் நடந்த இடத்தைக் கேட்கவே வேண்டாம்.

உங்கள் மகன் படித்தது பாதி உண்மை. திருப்பிக் கொடுத்த நாடு உண்டு, 'இதற்கு முன்னால் போனதைப் பேசாதே' என்று கோடு போட்ட நாடும் உண்டு.

நன்றாகச் செய்த ஊர் என்று எல்லோரும் சொல்வது போஸ்னியா. 1995-இல் சமாதான ஒப்பந்தம். ஓடிப்போனவர்களின் வீட்டில் வேறு ஆட்கள், அவர்களும் வேறெங்கிருந்தோ விரட்டப்பட்டவர்கள். முதல் சில வருஷம் ஒன்றும் நகரவில்லை. உள்ளூர் அதிகாரிகள் சாக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 1999-இல் வெளிநாட்டுப் பிரதிநிதி அலுவலகம் சட்டத்தைத் தானே திணித்து, விண்ணப்பங்களை வந்த வரிசைப்படி முடிக்க வேண்டும் என்று நெருக்கிய பிறகுதான் வேகம் பிடித்தது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்களில் பெரும்பாலானவை அடுத்த சில வருஷங்களில் முடிந்தன. திரும்பக் கிடைத்த வீட்டில் எல்லோரும் போய்க் குடியேறவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நிறையப் பேர் விற்றார்கள், மாற்றிக்கொண்டார்கள். உங்கள் அம்மா திரும்பிப் போவாரா மாட்டாரா என்பது வேறு பேச்சு, காணி அவருடையதா என்பது வேறு பேச்சு. 'நீங்க வந்து இருக்கப் போறீங்களா?' என்று எந்த அதிகாரியாவது மடக்கினால் இதை நினைவில் வையுங்கள்.

ருவாண்டா நேர் எதிர். அங்கே 1959 முதலே ஓடிப்போனவர்கள் இருந்தார்கள். 1993-இல் அருஷாவில் எழுதிய உடன்படிக்கையில், பத்து வருஷத்துக்கு முன் போனவர்கள் தங்கள் பழைய நிலத்தில் வேறு ஆள் இருந்தால் அதைக் கேட்க வேண்டாம், அரசு வேறு நிலம் தரும் என்று பேசினார்கள். மறு வருஷம் படுகொலை நடந்தது. அதற்குப் பிறகு பழையவர்கள் திரும்ப, புதியவர்கள் ஓடி, அவர்களும் திரும்ப, கடைசியில் கிழக்குப் பகுதியில் ஒரே நிலத்தை இரண்டு குடும்பத்துக்கும் பங்கு போட்டார்கள். கம்போடியா இன்னும் கறார். 1979-க்கு முந்தின எந்த உரிமையையும் ஏற்பதில்லை என்று சட்டத்திலேயே எழுதிவிட்டது.

எனக்குப் பிடித்தது கொலம்பியாவின் 2011-ஆம் ஆண்டுச் சட்டம். விரட்டப்பட்டவர் தனக்கு நிலத்தோடு தொடர்பு இருந்தது, வன்முறையால் இழந்தேன் என்று முதற்கட்டமாகக் காட்டினால் போதும். மிச்சத்தை நிரூபிக்கும் சுமை எதிராளி தலையில். அப்படி ஒரு சட்டம் இலங்கையில் இருந்தால் இந்தக் கடிதம் பாதிப் பக்கத்தில் முடிந்திருக்கும். இல்லை. அதனால் சுமை உங்கள் தலையில்தான்.

அந்தச் சுமையைத் தூக்க மொசாம்பிக்கில் ஒரு வழி வைத்திருந்தார்கள். 1992-இல் போர் முடிந்தது, 1997-இல் நிலச் சட்டம் வந்தது. காகிதம் இல்லாதவனுக்கு அக்கம்பக்கத்தார் வாய்ச்சொல்லே சாட்சி என்று அது ஏற்றுக்கொண்டது. இலங்கை விசாரணையில் வாய்ச்சொல் மட்டும் போதாது, ஆனால் அது இல்லாமல் காகிதம் நிற்காது. சில வருஷம் முன்பு ஒரு பெரியவர் என்னிடம் வந்தார். பெர்மிட் தொலைந்துபோய்விட்டது. ஒரு தாளைக் கொடுத்து வரையச் சொன்னேன். முதலில் கிணற்றைப் போட்டார். அதிலிருந்து பதினான்கு எட்டு வைத்து ஒரு புளியமரம், மரத்துக்குத் தெற்கே வாய்க்கால், வாய்க்காலுக்கு அப்பால் யார் வளவு, அவர் மகளை யார் கட்டினார் என்று போய்க்கொண்டே இருந்தது. பிறகு நில அளவைப் படம் கிடைத்தபோது வைத்துப் பார்த்தோம். வாய்க்கால் அவர் போட்ட இடத்திலேயே இருந்தது.

அம்மாவிடம் அப்படி உட்காருங்கள். தம்பியின் போனில் பதிவு பண்ணுங்கள். நாலு எல்லை, அயலவர் பெயர், கிராம சேவகர் யார், கூப்பன் எந்தக் கடையில், நீங்கள் பிறந்தது எந்த ஆஸ்பத்திரியில், அண்ணன்மார் யாராவது பள்ளிக்கூடம் போயிருந்தால் எந்தப் பள்ளி, எல்லாம் வரட்டும். பள்ளிச் சேர்வு இடாப்பிலும் (பதிவேட்டிலும்) எண்பதுகளின் வாக்காளர் இடாப்பிலும் விலாசம் இருக்கும். 1990-இல் மண்டபம் முகாமில் இறங்கியபோது பதிந்த அட்டையைத் தேடி எடுங்கள். அதில் சொந்த ஊர் எழுதியிருப்பார்கள். முப்பத்தைந்து வருஷத்துக்கு முன் இந்திய அதிகாரி ஒருவர் எழுதி வைத்த சாட்சி அது. இதற்கெல்லாம் உதவ ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்துக்காரர்கள் இருக்கிறார்கள், இலங்கை ஆவணங்கள் எடுப்பதில் பழக்கப்பட்டவர்கள்.

பெயர் விஷயத்தையும் கவனியுங்கள். பெர்மிட்டில் அப்பா 'இராசையா'. இங்கே எடுத்த இறப்புச் சான்றில் 'ராஜய்யா' (பெயரை மாற்றி எழுதுகிறேன்). நமக்கு இரண்டும் ஒன்று, எழுதுவினைஞருக்கு (கிளார்க்குக்கு) இரண்டு ஆள். இருவரும் ஒருவரே என்று அம்மா ஒரு சத்தியக் கடதாசி (அஃபிடவிட்) கொடுக்க வேண்டும். சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் சான்று பெற்றால் அங்கே செல்லும்.

கடைசியில் ஓர் ஆளுக்கு அதிகாரம் கொடுக்கத்தான் வேண்டியிருக்கும், அம்மா அலைய முடியாது. அப்போது விசேட அற்றோர்ணித் தத்துவம் கொடுங்கள். இந்த உறுதி இலக்கக் காணி பற்றித் தேட, விண்ணப்பிக்க, விசாரணையில் நிற்க மட்டும் அதிகாரம். விற்கவோ ஈடு வைக்கவோ கிடையாது. ஒரு வருஷத்தோடு முடியும் என்று எழுதுங்கள். அங்கே பதிவு பண்ணியும் ஆக வேண்டும். மச்சான் பெயரில் கொடுப்பதா என்பது உங்கள் குடும்ப முடிவு. நானாக இருந்தால் தரகரை அழைத்து வந்தவருக்குக் கொடுக்க மாட்டேன்.

நீங்கள் கல்யாணத்தில் இந்தியப் பிரஜையாகியிருந்தால், பெர்மிட் காணி உங்களுக்கு வராது. சீதனக் காணி அப்படி இல்லை. வெளிநாட்டாருக்கு நிலம் மாற்றுவதைத் தடுக்கும் 2014-ஆம் ஆண்டுச் சட்டம் நெருங்கிய வாரிசுக்கு விலக்குத் தருகிறது.

மாற்றுக் காணி பற்றிச் சொல்கிறேன் என்றேனே. கிளிநொச்சியில் அந்த 2 ஏக்கரில் இப்போது இருப்பது யார் என்று மச்சானிடம் கேட்டீர்களா? 77-லும் 83-லும் தோட்டங்களிலிருந்து விரட்டப்பட்டு வன்னிக்குப் போன குடும்பங்களில் பல இன்றுவரை எந்தப் பெர்மிட்டும் இல்லாமல் இருக்கின்றன. புலிகள் காலத்தில் அவர்கள் கொடுத்த துண்டை வைத்திருப்பவர்களும் உண்டு, அதை அரசு ஏற்பதில்லை. உங்கள் அப்பாவைப் போன்ற ஒருவர் உங்கள் அப்பாவின் கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருக்கலாம். அவரை எழுப்பிவிட்டு அம்மாவை உட்கார வைப்பது உங்களுக்கு வேண்டுமா என்று நான் கேட்பதில் தப்பில்லை என்று நினைக்கிறேன். அரசு இருவரில் ஒருவருக்கு வேறு துண்டு கொடுக்கட்டும், அது அரசின் கடன். சாவகச்சேரியில் மட்டும் இந்தத் தாராளம் வேண்டாம். அது அம்மாவின் தகப்பன் கொடுத்தது, அதற்கு விடாமல் நில்லுங்கள்.

இப்போதைக்கு ஒரு வேலை. பெர்மிட்டை வெளியே எடுத்து, நல்ல வெயிலில் கண்ணாடியை வைத்து அழுத்தி மறுபடி ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். மடிப்பு சரியாகக் காணி இலக்கத்தின் மேல் விழுந்திருக்கிறது. கடைசி எண் 3-ஆ 8-ஆ என்று என்னால் சொல்ல முடியவில்லை. பின்பக்கத்தையும் எடுங்கள். வாரிசு பெயர் எழுதும் இடம் கிழிந்த பாதியில் போய்விட்டதா, பின்னால் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.